காமிக்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்: டர்பனிலிருந்து ஒரு வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில்தான் என் முதல் காமிக்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன். நான்கே பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஆறாவது ஷரத்து, ஒரே வாக்கியம், ஏழு வரி. என் ஆயா, தன் அம்மா வட கடற்கரைக் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலியாகப் பட்ட பாட்டைச் சொல்லச் சொல்ல நோட்டில் குறித்துவைத்து, வேலைக்குப் போய்வந்த பிறகு ராத்திரிகளில் உட்கார்ந்து இரண்டு வருஷம் வரைந்த 84 பக்கக் கதை அது. மொத்தத் தொகையாக 16,000 ராண்டு கொடுத்தார்கள், அதாவது பக்கத்துக்கு 190 ராண்டு சொச்சம். பணம் குறைவு என்பதுகூட என் பெரிய வருத்தம் இல்லை. ஒன்றரை வருஷம் கழித்து அதே கதை பள்ளிப் பதிப்பாக வந்தது. ஆயாவின் முகத்தை வேறு யாரோ திருத்தி வரைந்திருந்தார்கள், என் பெயர் எங்குமே இல்லை. இரண்டாம் பாகம் வரையலாம் என்று உட்கார்ந்தால் அதற்கும் எனக்கு உரிமை இல்லை என்றார்கள். எல்லாமே நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளில் இருந்தது.

ஜோஹன்னஸ்பர்க்கில் நடக்கும் காமிக்ஸ் திருவிழாவான காமிக் கானில் தங்கள் படைப்புகளோடு மேசை போட்டு உட்கார்ந்த பிள்ளைகள் "அக்கா, பதிப்பாளர் ஒருத்தர் கார்டு கொடுத்துட்டுப் போயிருக்கார், அடுத்து என்ன செய்யணும்?" என்று கேட்கும்போதெல்லாம் தனித்தனியாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். இனி ஒரே இடத்தில் இருக்கட்டும். நான் வக்கீல் இல்லை. சட்டம் சம்பந்தப்பட்டதை வக்கீலிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், ஆனாலும் உங்கள் ஒப்பந்தத்தை நீங்கள் ஒருவரிடம் காட்டியே ஆகவேண்டும். அதற்கு என்ன செலவாகும் என்பதையும் சொல்கிறேன்.

1. பேச்சு தொடங்கும் முன்னால் ஒரு கோப்பு தயார் செய்யுங்கள்

முதலில் ஒரு விஷயம். தென்னாப்பிரிக்காவில் கதைக்கோ படத்துக்கோ பதிப்புரிமையைப் "பதிவு" செய்வது என்று ஒன்று கிடையாது. 1978-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உங்கள் சொந்தப் படைப்பு தாளிலோ கணினிக் கோப்பிலோ வந்த நிமிஷமே உரிமை உங்களுடையது. சினிமாப் படத்துக்கு மட்டும்தான் பதிவு உண்டு. ஆகவே "உங்கள் காமிக்ஸைப் பதிவு செய்து சான்றிதழ் வாங்கித் தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆதாரமாக இருக்கட்டும் என்று படைப்பின் நகலைத் தனக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பதும் பலர் செய்வதுதான், அதற்கென்று சட்டத்தில் தனி மதிப்பு எதுவும் இல்லை.

சண்டை வந்தால் கைகொடுப்பது தேதியுள்ள ஆதாரம்தான். பென்சில் வரைவுகளைத் தூக்கிப் போடாதீர்கள். லேயர் பிரிந்திருக்கும் மூலக் கோப்புகளை இரண்டு இடத்தில் வையுங்கள். பதிப்பாளரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலை மாதம் ஒரு தடவை எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் போட்டுக்கொள்ளுங்கள், ஃபோன் தொலைந்தால் ஆதாரமும் தொலைந்துவிடும். இதோடு அடையாள அட்டை நகல், சார்ஸ் (தென்னாப்பிரிக்க வரித்துறை) தந்த வரி எண், வங்கிக் கணக்கை உறுதிசெய்யும் கடிதம் மூன்றும் வேண்டும். நகலுக்குச் சான்று வாங்க காசு கொடுக்க வேண்டாம், காவல் நிலையத்தில் இலவசமாகவே முத்திரை போட்டுத் தருவார்கள். காலையில் போனால் கூட்டம் குறைவு.

உங்களுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் அம்மாவோ அப்பாவோ கூட இருந்து சம்மதிக்க வேண்டும். "வீட்டில் சொல்ல வேண்டாம், நாமே முடித்துக்கொள்ளலாம்" என்று சொல்கிற பதிப்பாளரிடம் அதற்கு மேல் பேசவே பேசாதீர்கள்.

2. கூட்டாளியோடு முதல் ஒப்பந்தம்

கதை ஒருவர், படம் ஒருவர் என்றால், எழுத்து ஒரு படைப்பு, படம் இன்னொரு படைப்பு. இரண்டுக்கும் உரிமையாளர் வேறு. பதிப்பாளரிடம் போவதற்கு முன்னால் நீங்கள் இருவரும் ஒரு பக்கத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: வருமானத்தில் யாருக்கு எவ்வளவு, கதாபாத்திரம் யாருடையது, ஒருவர் பாதியில் விலகினால் மற்றவர் தொடரலாமா, பதிப்பாளரிடம் யார் பேசுவது. சிநேகிதர்கள் என்பதால் எழுதாமல் விட்டவர்கள்தான் இதில் அதிகம் அடிபட்டிருக்கிறார்கள். வண்ணம் போடுகிறவர், எழுத்துப் பொறிக்கிறவர் இருந்தால் அவர்களிடமும் இதேபோல ஒரு தாள் வாங்கிவிடுங்கள்.

3. கிரயமா, குத்தகையா?

முழுக் கட்டுரையையும் படிக்க நேரமில்லாதவர்கள் இந்தப் பகுதியையாவது படித்துவிடுங்கள்.

நிலத்தை எழுதிக் கொடுப்பதில் இரண்டு வகை உண்டு. கிரயம் செய்தால் நிலம் வாங்கியவருடையது, அடுத்த வருஷம் அங்கே என்ன நட்டாலும் நீங்கள் கேட்க முடியாது. குத்தகைக்கு விட்டால் காலம் முடிந்ததும் நிலம் உங்களிடம் திரும்பி வரும். புத்தக ஒப்பந்தமும் அப்படியே. ஒன்று உரிமை மாற்றம், அது கிரயம். இன்னொன்று லைசென்ஸ், அது குத்தகை. ஒப்பந்தத்தைக் கையில் வாங்கியதும் பென்சிலை எடுத்து, "அசைன்" (மாற்றிக் கொடுப்பது) என்ற ஆங்கிலச் சொல் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் வட்டம் போடுங்கள். பதிப்புரிமையை அவர்களுக்கு மாற்றிக் கொடுக்கும் வரியில் ஒரு வட்டம் விழுந்தாலும் அது கிரயப் பத்திரம். தலைப்பில் "பதிப்பு உரிமம்" என்று எழுதியிருப்பதை நம்பவே கூடாது. என் ஒப்பந்தத்தின் தலைப்பும் அப்படித்தான் இருந்தது. உள்ளே ஆறாவது ஷரத்தில், இப்போது இருக்கிற, இனிமேல் கண்டுபிடிக்கப்படுகிற எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், காலவரையறை இல்லாமல், கதையும் படமும் பாத்திரங்களும் பதிப்பாளருக்கு மாற்றப்படுகின்றன என்று இருந்தது.

காலவரையறை இல்லாமல் என்றால் எவ்வளவு காலம்? நம் சட்டத்தில் படத்துக்கும் எழுத்துக்கும் பதிப்புரிமை உங்கள் ஆயுள் முழுவதும், அதற்கப்புறம் 50 வருஷமும் இருக்கும். உங்கள் பேரப்பிள்ளைகளுக்குப் போக வேண்டியதை ஒரு தடவை வாங்கும் காசுக்குக் கொடுக்கிறீர்கள். இந்த நாட்டில் இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ஜூலு பாடகர் சாலமன் லிண்டா. 1952-இல் 10 ஷில்லிங்குக்குத் தன் பாட்டின் உரிமையை எழுதிக் கொடுத்தார். அவர் குடும்பத்துக்குச் சமரசமாக ஏதாவது கிடைக்க 2006 வரை ஆனது.

சட்டம் உங்கள் பக்கம் நிற்கிற இடங்களும் இருக்கின்றன, தெரிந்துகொள்ளுங்கள். உரிமை மாற்றமும் ஒருவருக்கு மட்டுமேயான தனி லைசென்ஸும் எழுத்தில் இருக்க வேண்டும், அதில் உங்கள் கையெழுத்து இருக்க வேண்டும், இல்லையென்றால் செல்லாது. ஆகவே "காசு கொடுத்தோமே, அப்போதே எங்களுடையது ஆகிவிட்டது" என்று யாராவது சொன்னால் அது தப்பு. ஆனால் சாதாரண அனுமதி, அதாவது மற்றவர்களுக்கும் நீங்கள் கொடுக்கக்கூடிய அனுமதி, வாய்ப்பேச்சிலும் உண்டாகும், உங்கள் நடத்தையை வைத்தும் உண்டாகும். எதுவும் எழுதாமல் கோப்புகளை அனுப்பிவிட்டால் அச்சடிக்க நீங்கள் சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்ளலாம். அதனால் முதல் கோப்பு போவதற்கு முன்பே, எதற்காக அனுப்புகிறீர்கள் என்று ஒரு வரியாவது எழுதி அனுப்புங்கள்.

விதிவிலக்குகளும் உண்டு. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும்போது அந்த வேலையின் பகுதியாக வரைந்தது பொதுவாக முதலாளியுடையது. பத்திரிகையில் சம்பளத்துக்கு இருந்தால் பத்திரிகையில் வெளியிடும் உரிமை மட்டும் அவர்களுக்கு, மற்றது உங்களுக்கு. பலருக்குத் தெரியாத ஒன்று: ஒருவர் காசு கொடுத்து உருவப்படம் வரையச் சொன்னால், வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை அதன் பதிப்புரிமை காசு கொடுத்தவருக்கே போகும். கோயில் ஆண்டு மலருக்காகத் தலைவரின் படத்தை வரைகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். கதைக்கான காமிக்ஸ் பக்கங்கள் உருவப்படம் ஆகாது.

சரி, குத்தகை எப்படி எழுத வேண்டும்? நான்கு வேலி போடுங்கள்: எந்த மொழி, எந்த வடிவம், எந்த நாடு, எத்தனை வருஷம். என் இப்போதைய ஒப்பந்தத்தில் ஆங்கிலம், அச்சுப் புத்தகம், தென்னாப்பிரிக்காவும் பக்கத்து நாடுகளும், ஐந்து வருஷம் என்றுதான் இருக்கிறது. தமிழ், ஜூலு மொழிபெயர்ப்பு, மின்னூல், சினிமா, பொம்மை, டி-ஷர்ட் எல்லாம் என்னிடமே. கடைசியில் "இங்கே கொடுக்கப்படாத எல்லா உரிமைகளும் ஆசிரியரிடமே இருக்கும்" என்ற வரியைக் கேட்டு வாங்குங்கள். அதைப் போடமாட்டேன் என்று எந்தப் பதிப்பாளரும் என்னிடம் இதுவரை சொன்னதில்லை.

4. பணம்: எதன் மேல் சதவீதம்?

"பத்து சதவீத ராயல்டி" என்று சொன்னால் உடனே சந்தோஷப்படாதீர்கள். ராயல்டி என்பது விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் உங்களுக்கு வரும் பங்கு. எதில் பத்து என்று கேளுங்கள். புத்தக விலை 250 ராண்டு என்று வைத்துக்கொள்வோம். அட்டை விலையில் பத்து என்றால் பிரதிக்கு 25 ராண்டு. பதிப்பாளர் கைக்கு வரும் தொகையில் பத்து என்றால், கடைக்காரரும் விநியோகஸ்தரும் பாதியை எடுத்த பிறகு மிஞ்சும் 125-இல் பத்து, அதாவது 12 ராண்டு 50 சென்ட். அந்த மிச்சத்திலும் அச்சுச் செலவு, விளம்பரச் செலவு கழியும் என்று எழுதியிருந்தால் உங்களுக்கு எதுவும் வராமலே போகலாம். "நிகர" என்ற சொல் வந்தால் அது என்ன என்று ஒப்பந்தத்திலேயே விளக்கம் இருக்க வேண்டும், எதைக் கழிப்பார்கள் என்ற பட்டியலோடு.

முன்கூட்டியே தரும் அட்வான்ஸை, பிறகு வரும் ராயல்டியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் புத்தகம் விற்காவிட்டாலும் திருப்பிக் கேட்கக் கூடாது. இதை எழுதி வாங்குங்கள். பணம் எப்போது என்பதும் முக்கியம். "வெளியீட்டின்போது" என்று இருந்தால், அவர்கள் மூன்று வருஷம் வெளியிடாமல் வைத்திருந்தாலும் நீங்கள் காத்திருக்க வேண்டும். கையெழுத்தின்போது மூன்றில் ஒன்று, பென்சில் பக்கங்கள் கொடுத்ததும் ஒன்று, முடித்த கோப்பு கொடுத்ததும் ஒன்று, இதுதான் நான் கேட்பது. பாதியில் அவர்கள் கைவிட்டால் அதுவரை முடித்த பக்கங்களுக்குக் கூலியும் உரிமை முழுவதும் உங்களுக்குத் திரும்புவதும் சேர வேண்டும்.

இலவசத் திருத்தம் எத்தனை தடவை என்பதை எண்ணிக்கையாகப் போடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி ஒரே பக்கத்தை ஒன்பது தடவை வரைந்தான், கூலி ஒரு பக்கத்துக்குத்தான். பென்சிலில் இரண்டு, மையில் ஒன்று, அதற்கு மேல் பக்கத்துக்கு இவ்வளவு என்று இருந்தால் கேட்கிறவர்களும் யோசித்துக் கேட்பார்கள்.

கணக்கு அறிக்கை வருஷத்துக்கு இரண்டு தடவை, பணம் அதிலிருந்து 60 அல்லது 90 நாளில், சந்தேகம் வந்தால் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கும் உரிமை. மூன்றும் வேண்டும்.

5. கண்ணில் படாத ஷரத்துகள்

போட்டித் தடை. "இதே பொருளில் வேறு படைப்பு செய்யக்கூடாது" என்று என் ஏழாவது ஷரத்தில் இருந்தது. அந்தப் "பொருள்" என் சொந்தக் குடும்பத்தின் கதை. ஆயா இன்னும் நினைவாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் வரைய முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். இந்த ஷரத்தை நீக்கச் சொல்லுங்கள், நீக்க மறுத்தால் "இந்தப் படங்களையே வேறு புத்தகத்தில் வெளியிடக்கூடாது" என்று சுருக்கச் சொல்லுங்கள்.

அடுத்த படைப்பு. உங்கள் அடுத்த புத்தகத்தை முதலில் எங்களுக்கே காட்ட வேண்டும் என்பார்கள். காட்டலாம், ஆனால் 30 நாளில் பதில் சொல்லவில்லையென்றால் நீங்கள் எங்கும் போகலாம் என்று இருக்க வேண்டும். "இதே நிபந்தனைகளில்" என்ற இரண்டு சொல் இருந்தால் வெட்டுங்கள்.

பெயரும் சிதைப்பும். பதிப்புரிமையை விற்ற பிறகும் படைப்பு உங்களுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், உங்கள் பெயருக்குக் கெடுதல் வரும்படி அதைச் சிதைத்தால் ஆட்சேபிக்கும் உரிமையும் சட்டத்தின் 20-ஆம் பிரிவில் இருக்கின்றன. இவற்றைத்தான் தார்மீக உரிமைகள் என்பார்கள். எனக்குக் கைகொடுத்தது இது ஒன்றுதான். அந்த உரிமைகளை விட்டுக்கொடுப்பதாக என் ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை. வக்கீல் ஒரு பக்கக் கடிதம் எழுதினார், அடுத்த அச்சில் என் பெயர் வந்தது, ஆயாவின் பழைய முகமும் வந்தது. அதனால் "ஆசிரியர் தன் தார்மீக உரிமைகளைத் துறக்கிறார்" என்ற வரியைக் கண்டால் கையெழுத்துப் போடாதீர்கள். பெயர் அட்டையிலும் உள்ளேயும் எந்த அளவில் வரும் என்பதையும் எழுதி வாங்குங்கள்.

மூலப் பக்கங்கள். தாள் வேறு, பதிப்புரிமை வேறு. தாளில் வரைந்தால் ஸ்கேன் செய்த எத்தனை நாளில் திரும்பி வரும், வழியில் தொலைந்தால் பக்கத்துக்கு எவ்வளவு என்று போடுங்கள். முடிந்தால் தாளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், நீங்களே ஸ்கேன் செய்து அனுப்புங்கள். மேசையில் ஒரு பக்கத்தை ரசிகருக்கு விற்றால் அவர் வாங்குவது தாளை மட்டும்தான்.

ஏஐ. உங்கள் படங்களைக் கொண்டு செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பயிற்றுவிக்க உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும் என்று தனி வரி கேளுங்கள். "எல்லா ஊடகங்களும்" என்ற சொல்லுக்குள் இதையும் நுழைத்துவிட இடம் கொடுக்காதீர்கள்.

6. திருத்தம் கேட்பது, வக்கீல் செலவு, நாள் கணக்கு

வரைவு வந்ததும் "பார்த்துவிட்டுப் பத்து நாளில் சொல்கிறேன்" என்று மின்னஞ்சல் போடுங்கள். ஃபோனில் பேசினால் பேசி முடித்ததும் பேசியதைச் சுருக்கி எழுதி அனுப்புங்கள். "அச்சகம் காத்திருக்கிறது, இன்றைக்கே கையெழுத்து வேண்டும்" என்று எனக்கும் சொன்னார்கள், அப்புறம் புத்தகம் அச்சுக்குப் போனது ஏழு மாதம் கழித்து.

ஒப்பந்தம் ஒன்றைப் படித்துக் குறிப்பு எழுதித் தர எனக்கு டர்பனில் ஒரு வக்கீல் வாங்கியது 2,800 ராண்டு. மணிக்கணக்கில் வாங்குகிறவர்களும் உண்டு, முதலிலேயே மொத்தமாக எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள். பதிப்புரிமை போன்ற அறிவுசார் சொத்து விஷயங்களைப் பார்க்கிறவராக இருக்க வேண்டும், வீட்டுப் பத்திரம் எழுதுகிற நம் தெரு வக்கீல் போதாது. வருமானம் குறைவென்றால் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகச் சட்ட மையத்தில் கேட்டுப் பாருங்கள், அங்கே இலவச உதவி உண்டு, ஆனால் வரிசை நீளம். வருமான ஆதாரம், ஒப்பந்தம், கடிதங்கள் மூன்றையும் முதல் நாளே கொண்டுபோங்கள்.

பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தும் மசோதா ஒன்றை நாடாளுமன்றம் 2024-இல் நிறைவேற்றி, அது அரசியலமைப்பு நீதிமன்றத்துக்குப் போனது. அதில் நமக்கு நல்லது வரும் என்று நம்பி இன்றைக்கு மோசமான தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கையெழுத்துப் போடும் நாளில் எது சட்டமோ அதை வக்கீலிடம் கேளுங்கள்.

யாரும் நல்ல நிபந்தனை தரவில்லையா, நீங்களே அச்சடிக்கலாம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் உரிய அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என்-ஐப் பிரிட்டோரியாவில் இருக்கும் தேசிய நூலகம் இலவசமாகவே கொடுக்கிறது. அச்சடித்த பிறகு சட்டப்படி நூலகத்துக்குப் பிரதிகள் அனுப்ப வேண்டும், அதைக் கணக்கில் சேர்த்து அச்சடியுங்கள். தொடரின் பெயரை வணிகச் சின்னமாகப் பதிய விரும்பினால் சி.ஐ.பி.சி என்ற நிறுவனங்கள், அறிவுசார் சொத்து ஆணையத்தில் விண்ணப்பிக்கலாம், நான் கட்டியபோது ஒரு வகைக்கு 590 ராண்டு, பதிவானால் பத்து வருஷம் நிற்கும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

7. சென்னை, அமெரிக்கா ஒப்பந்தங்கள்

தமிழ்ப் பதிப்புக்காகச் சென்னைப் பதிப்பாளரோடு பேசுகிறவர்கள் கவனியுங்கள். இந்தியச் சட்டத்தில் உரிமை மாற்றத்துக்குக் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். ஒரு வருஷத்துக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவில்லை என்றால், வேறு மாதிரி எழுதாத வரை, அது காலாவதியாகிவிடும். நமக்கு நல்ல பாதுகாப்பு. அதனால்தான் "காலவரையறை இல்லாமல், உலகம் முழுவதும்" என்று வெளிப்படையாக எழுதப் பார்ப்பார்கள், அந்த இடத்தில் நில்லுங்கள்.

அமெரிக்க ஒப்பந்தத்தில் "வொர்க் மேட் ஃபார் ஹையர்" என்று இருந்தால், சட்டத்தின் கண்ணில் அதைப் படைத்தவரே அந்த நிறுவனம்தான். அங்கே உரிமையை விற்றவர்கள் 35 வருஷம் கழித்துத் திரும்பக் கேட்க ஒரு வழி உண்டு, இந்தச் சொற்கள் இருந்தால் அந்த வழியும் அடைபடும். வேறொருவரின் சூப்பர்ஹீரோவை வரைகிற கூலி வேலையில் அது சகஜம், நல்ல கூலி என்றால் செய்யலாம். உங்கள் சொந்தப் பாத்திரத்துக்கு ஒருபோதும் வேண்டாம். பணம் வருவதற்கு முன் டபிள்யூ-8 பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தைச் சார்ஸ் எண்ணோடு நிரப்பி அனுப்புங்கள். இல்லையென்றால் 30 சதவீதம் பிடித்துவிடுவார்கள். நிரப்பினால் இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி ராயல்டியில் அங்கே பிடித்தம் இல்லை, இங்கே சார்ஸுக்குக் காட்டினால் போதும்.

எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்ற ஷரத்து கடைசிப் பக்கத்தில் இருக்கும். நியூயார்க் என்று இருந்தால், வழக்குப் போட உங்களால் அங்கே போக முடியுமா என்று யோசியுங்கள்.

8. பணம் வரவில்லை, புத்தகமும் கடையில் இல்லை

முதலில் கடிதம். எந்த ஷரத்துப்படி, எந்தத் தேதியில், எவ்வளவு வரவேண்டும் என்று எழுதி, 14 நாள் கெடு கொடுத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், அல்லது நேரில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பதில் இல்லையென்றால் சிறு உரிமைகள் நீதிமன்றம். 2019-இலிருந்து அங்கே 20,000 ராண்டு வரை கேட்கலாம், அதற்கு மேல் பாக்கி இருந்தால் மேலுள்ளதை விட்டுவிட்டு வரலாம். வக்கீல் வந்து வாதாட முடியாது, அவர்களுக்கும் முடியாது. செலவு என்று பார்த்தால் நீதிமன்ற அலுவலரான ஷெரிஃப் மூலம் சம்மன் கொடுக்கும் கட்டணம்தான். ஒப்பந்தம், கடித நகல், தபால் ரசீது, கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் இரண்டு செட் எடுத்துப் போங்கள். அச்சடிப்பதை நிறுத்தச் சொல்லித் தடை உத்தரவு அங்கே கிடைக்காது, பணம் மட்டும்தான் கேட்க முடியும். பாக்கிப் பணத்துக்குப் பொதுவாக மூன்று வருஷம்தான் கெடு, அதற்கு மேல் காலாவதி. "அடுத்த மாதம் தருகிறோம்" என்ற பேச்சிலேயே என் சிநேகிதி ஒருத்தி இரண்டு வருஷம் எட்டு மாதம் கழித்துவிட்டாள்.

உரிமை திரும்புவதும் தானாக நடக்காது, நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும். அதனால் புத்தகம் அச்சில் இல்லை என்றானால் உரிமை திரும்ப வேண்டும் என்று கையெழுத்தின்போதே எழுதி வாங்கி, "அச்சில் இல்லை" என்றால் என்ன என்பதை எண்ணால் சொல்ல வையுங்கள்: தொடர்ந்து 12 மாதத்தில் 50 பிரதிக்குக் கீழே விற்றால், அல்லது கடையில் ஆறு மாதம் கிடைக்காவிட்டால். மின்னூல் எங்கோ தளத்தில் கிடக்கிறது என்பதை வைத்து "அச்சில்தான் இருக்கிறது" என்று சொல்ல இடம் விடாதீர்கள். என் முதல் புத்தகத்தில் இப்படி எதுவும் இல்லாததால் கெஞ்சித்தான் கேட்க வேண்டியிருந்தது. மூன்றாவது கடிதத்துக்கு, 9,000 ராண்டு திருப்பிக் கட்டினால் எழுதித் தருகிறோம் என்றார்கள். ஒரு வருஷம் சேர்த்துக் கட்டினேன். உரிமை திரும்புவதாக அவர்கள் கையெழுத்துப் போட்ட தாள் போன மார்ச்சில் வந்தது, பாத்திரங்கள், இரண்டாம் பாகம் என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதச் சொல்லித்தான் வாங்கினேன். உங்களுக்கு அப்படி ஒரு தாள் வரும்போது நீங்களும் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி எழுத வையுங்கள், "எல்லாம்" என்ற ஒரு சொல்லோடு விட்டுவிடாதீர்கள்.